கடையும் வீடும் ஒரே இடத்தில்: தமிழ்நாட்டில் எந்தச் சொத்து யாருக்குப் பொருந்தும்?

தையல், மாவு அரைப்பு, பார்லர், டியூஷன், சின்ன கிளினிக் என்று வீட்டிலேயே தொடங்கியவர்கள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இருக்கிற வீட்டிலேயே தொடர்வதா, கீழே கடை மேலே வீடாக ஒன்று வாங்குவதா, கடைவீதிக்குள் போவதா, ஊருக்கு வெளியே நிலம் வாங்கிக் கட்டுவதா, இல்லை வீடு தனி கடை தனி என்று வாடகையிலேயே இருந்துவிடுவதா? தரகரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "பண்ணிக்கலாம் சார்" என்பதே பதில். பண்ணிக்கொள்ளலாம்தான். என்ன செலவில், எத்தனை நாளைக்கு என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

ஒப்பிடும் முன் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மண்டலம், அதாவது எந்த இடத்தில் எது நடக்கலாம் என்று அரசுத் திட்டம் பிரித்திருப்பது, நிலத்துக்கு. பிளான் அப்ரூவல் என்பது கட்டடத்துக்கு. மின் டாரிஃபும் சொத்து வரியும் அந்தக் கட்டடத்தை இன்றைக்கு எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் நிம்மதி. மண்டலம் சரியாக இருந்தும், பிளானில் "குடியிருப்பு" என்று மட்டும் இருப்பதால் மாட்டிக்கொள்வது சகஜம். இதற்கு நேர்மாறாக, கடைக்கான மின் இணைப்பும் வணிக வரி ரசீதும் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று நம்பி வாங்குவதும் சகஜம். வரி கட்டியதால் அனுமதி வந்துவிடாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் தொழிலைப் பற்றி ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலுக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் வருவார்கள். மோட்டார்கள் மொத்தம் எத்தனை குதிரைத்திறன். சத்தமும் வாடையும் எந்த நேரத்தில் கிளம்பும். கழிவுநீர் எவ்வளவு, அதில் என்ன கலந்திருக்கும். சரக்கு வருவது டூவீலரிலா, குட்டியானையிலா, லாரியிலா. இந்த ஐந்தும் தெரியாமல் இடம் தேடுவது வீண் அலைச்சல்.

இட்லி மாவு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் சாதுவான தொழில். ஆனால் காலை விற்பனைக்கு விடியற்காலை 4 மணிக்கே கிரைண்டர் ஓடியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதாவது 4 மணி கிரைண்டர் இரவுக் கணக்கில் சேரும். வணிகப் பகுதியில் வரம்பு 65, 55. இன்னொன்று, அரிசி களைந்த நீரும் கல் கழுவிய மாவும் சாக்கடையில் படிந்து பசைபோல் அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைக்கூடப் பொறுப்பார். தன் வீட்டுக் கழிப்பறையில் நீர் எதிர்த்து ஏறினால் மறுநாளே மனு எழுதிவிடுவார். கிரைண்டரின் கீழ் ரப்பர் மேட், கழுவுநீர் சாக்கடைக்குப் போகும் முன் ஒரு படிவுத்தொட்டி, அதை வாரம் ஒருமுறை அள்ளுவது ஆகிய மூன்றும் இந்தத் தொழிலின் ஆயுளை நீட்டும்.

அடுத்து ஒவ்வொரு வழிக்கும் கேட்க வேண்டிய கேள்விகள்: மண்டலமும் பிளானும் இடம் கொடுக்கின்றனவா, மின்சாரமும் வரியும் எந்தக் கணக்கில் வரும், வங்கிக் கடன் எந்த வகையில் கிடைக்கும், தொழில் படுத்துவிட்டால் அந்த இடத்தை என்ன செய்யலாம். கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் சொத்துக்குச் சொத்து பெரிய வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

## மண்டலத்தைக் கண்டுபிடிப்பது

சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற ஊர்களுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தயாரித்த முழுமைத் திட்டம். எந்த மண்டலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

பார்க்கும் முறை இது. பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவோடும் எஃப்எம்பி எனப்படும் புல அளவீட்டு வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். நகர்ப் பகுதியில் பழைய சர்வே எண் ஒன்று, டவுன் சர்வே எண் வேறொன்று என்று இருக்கும். இரண்டையும் இணைத்துப் பார்த்த பிறகே சிஎம்டிஏ அல்லது டிடிசிபி இணையதளத்தில் நில உபயோகத்தைத் தேடுங்கள். திரையில் பார்த்ததோடு நிறுத்தாமல் நில உபயோகச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். ஒரே சர்வே எண்ணின் முன்பாதி ஒரு மண்டலத்திலும் பின்பாதி வேறொன்றிலும் விழுவதுண்டு. பிரதான சாலையை ஒட்டிய மனைகளில் சாலை விரிவாக்கக் கோடு எங்கே போகிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கடைக்கு உயிரே முகப்புதான். திரும்பக் கட்டும்போது முன்னால் பத்தடி போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் வீடு.

மண்டலம் சரியாக இருந்தும் தடை வரக்கூடிய பகுதிகள் தனியாக உண்டு: செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிலத்தடி நீர் செறிவூட்டல் பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், விமானப்படைத் தளங்களின் சுற்றுவட்டம். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு விதிகளே வேறு.

ஜிஎஸ்டி, உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு மூன்றும் வீட்டு முகவரியிலேயே கிடைக்கும். அவை தொழிலுக்கான பதிவுகள். இடத்துக்கான அனுமதி ஆகமாட்டா.

## முதல் வழி: இருக்கும் வீட்டிலேயே தொடர்வது

முதன்மைக் குடியிருப்பு மண்டலம் என்றால் தொழிலே கூடாது என்று அர்த்தமில்லை. அங்கே குடியிருப்பவர் தம் தொழில்முறை ஆலோசனை அறையை வைத்துக்கொள்ளலாம். அன்றாடத் தேவைக்கான பெட்டிக்கடை, தையல் கடை, சிறு குடிசைத் தொழில் போன்றவற்றுக்கும் இடமுண்டு. பரப்பளவிலும் மோட்டாரின் குதிரைத்திறனிலும் வரம்பு இருக்கிறது. ஆடிட்டர், வக்கீல், டியூஷன் ஆசிரியர், ஆன்லைனில் புடவை விற்பவர், ஓரிரண்டு மெஷின் வைத்துத் தைப்பவர் ஆகியோருக்கு இதுவே போதும். வெல்டிங், தச்சுப் பட்டறை, பவுடர் கோட்டிங் போன்றவற்றை இங்கே நினைக்கவே வேண்டாம்.

மறைந்த செலவு மின்சாரத்தில் இருக்கிறது. வீட்டு டாரிஃபான 1-ஏவில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வல்லுநர் ஒருவர் தம் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் வைத்திருக்கும் ஆலோசனை அறையை இந்த டாரிஃபிலேயே ஓட்டலாம். கைத்தறி நெசவாளர் வீட்டுத் தறிக்கும் இதே சலுகை. இவற்றுக்கு வெளியே போனால் கடைக்கு வணிக டாரிஃபான 5. உற்பத்தி என்றால் 12 கிலோவாட் வரை குடிசை மற்றும் குறுந்தொழிலுக்கான 3-ஏ(1). இந்த 3-ஏ(1) கட்டணம் வணிகக் கட்டணத்தைவிட மிகக் குறைவு. ஆகவே உற்பத்தி செய்பவர் "கடை" என்று விண்ணப்பித்து விடக் கூடாது. உத்யம் சான்றோடு உற்பத்தி என்றே கேட்க வேண்டும்.

வீட்டு இணைப்பில் கடை ஓடுவது மின்வாரியப் பறக்கும் படையிடம் பிடிபட்டால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். அனுமதியில்லாமல் பயன்படுத்திய காலம் முழுவதற்கும், உரிய டாரிஃபைப்போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதம். தனி மீட்டர் வாங்கச் சோம்பிய ஒரு பார்லருக்கு ஓராண்டு லாபத்தை இது தின்றுவிடும். தனி மீட்டர் வேண்டுமென்றால் தொழில் நடக்கும் அறையின் ஒயரிங்கை முழுக்கப் பிரித்திருக்க வேண்டும். ஏசி ஒரு மீட்டரிலும் விளக்கு இன்னொரு மீட்டரிலும் என்று கலந்து கிடந்தால் ஆய்வுக்கு வரும் பொறியாளர் திருப்பிவிடுவார்.

சமையல் தொழிலில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்துவது குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி பொதுவாக வியாபாரச் சரக்கைக் காப்பதில்லை. சரக்குக்குத் தனியாக எடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இன்னொரு கதவு இருக்கிறது: சங்கத்தின் துணை விதிகள். வாட்ச்மேன் கேட்டில் உங்கள் வாடிக்கையாளரை நிறுத்தினால் மண்டலச் சான்றைக் காட்டி ஒன்றும் ஆகாது. வாசலுக்கு ஆள் வரும் தொழிலுக்கு அடுக்குமாடி சரிப்படாது என்றே சொல்லலாம். வீட்டு வசதி வாரிய மனைகளில் ஒதுக்கீட்டு உத்தரவின் நிபந்தனைகளையும் படித்துப் பாருங்கள். குடியிருப்பு மனை, கடை மனை என்று அவர்கள் தனித்தனியாகவே பிரித்து விற்றிருப்பார்கள்.

## இரண்டாம் வழி: கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் கீழே கடை, மேலே வீடு

பலருக்கும் பொருந்துவது இதுதான். அதனாலேயே ஏமாற்றும் இதில்தான் அதிகம்.

கட்டியதை வாங்குவதானால் முதலில் கேட்க வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட பிளான். நகல் போதாது, முத்திரையோடு உள்ளதைக் கையில் வாங்கித் தரைத்தள வரைபடத்தைப் பாருங்கள். கடை இருக்கும் இடத்தில் "கடை" என்று எழுதியிருக்கிறதா, "வாகன நிறுத்தம்" என்றிருக்கிறதா? தமிழ்நாட்டு நகரங்களின் உள்சாலைகளில் நடந்து போனால் வரிசையாக ஷட்டர் போட்ட கடைகள் தெரியும். அவற்றில் பல, காகிதத்தில் கார் நிறுத்துமிடங்கள். தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்து ஷட்டர் மாட்டியது, கடையின் பின்சுவர் தூணோடு ஒட்டாமல் விரிசல் விட்டிருப்பதிலேயே தெரியும். நகராட்சி பூட்டி முத்திரை வைத்தால் கடை போவதோடு மேல்வீட்டின் மதிப்பும் சேர்ந்து விழும்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் உரிமம் தரக் கூடாது, வங்கிகள் முடிவுச் சான்றை (பிளான்படி கட்டி முடித்ததற்கான சான்று) சரிபார்த்த பிறகே அந்தக் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும், மின்சாரம், தண்ணீர் போன்ற இணைப்புகளையும் அந்தச் சான்றுக்குப் பிறகே தர வேண்டும் என்று அது உத்தரவிட்டது. "இத்தனை வருஷமா ஓடுது சார்" என்பது இனி வாதம் அல்ல.

புதிதாகக் கட்டுவதானால் ஒரு கண்ணியில் விழாதீர்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம், ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி. வேகமானது, அலைச்சல் இல்லாதது, ஆனால் குடியிருப்புக்கு மட்டும். இதில் அனுமதி வாங்கிவிட்டுத் தரைத்தளத்தில் ஷட்டர் மாட்டினால் முதல் நாளே விதிமீறல். கடையும் சேர்ந்த கட்டடத்துக்கு வழக்கமான முறையில் விண்ணப்பித்து, வாகன நிறுத்தத்தையும் கடைக்கான கணக்கில் காட்ட வேண்டும். சில வாரங்கள் தள்ளிப்போகும்; போகட்டும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை, செலவு குறைவு என்றாலும் பிறகு சரிசெய்ய முடியாதவை. வீட்டுக்கான மாடிப்படி கடைக்குள் வராமல் தெருவிலிருந்து நேராக ஏற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கடையை வாடகைக்கு விட முடியாது, தீப்பிடித்தால் இறங்கவும் முடியாது. கடைக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். மீட்டர் பலகை பொது இடத்தில், கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மெயினோடு. தரை உயரம்தான் பெரிய தலைவலி. சாலை மேல் சாலை போட்டு ஊரே மேடேறும் என்பதால் வீட்டுக்கு உயரமான அடித்தளம் வேண்டும். கடைக்கோ நான்கு படி ஏறச் சொன்னால் வயதானவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒன்றரை அடி உயரமும் முன்னிடத்துக்குள்ளேயே முடியும் சாய்தளமும் நடைமுறைக்கு ஒத்துவரும். சாய்தளத்தைச் சாக்கடை மூடிமேல் நீட்டினால் அடுத்த தூர்வாரலில் இடித்துவிடுவார்கள்.

பணக் கணக்கு: கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் மதிப்புக்கு 5.40 லட்சம். வீட்டுக் கடனில் ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரை தரலாம். இந்தத் தாராளம் வீட்டுக்கு. தரைத்தளம் கடை என்றால் சில வங்கிகள் முழுச் சொத்தையும் வணிகச் சொத்தாகவே பார்க்கும்: கடன் விகிதம் குறையும், வட்டி ஏறும், தவணைக் காலம் சுருங்கும். வேறு சில, வீட்டுப் பகுதியின் பரப்பு அதிகமாக இருந்தால் வீட்டுக் கடனாகவே தரும். ஆகவே முன்பணத்துக்கு முன்பே இரண்டு வங்கிகளில் பிளானைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். மேலாளரின் வாய்வார்த்தை போதாது. அவர்களது மதிப்பீட்டாளர் என்ன எழுதுவார் என்பதே முக்கியம்.

சொத்து வரி கடைப் பகுதிக்கும் வீட்டுப் பகுதிக்கும் தனித்தனியாகப் போடப்படும். வணிகத்துக்கான விகிதம் அதிகம். வருமான வரியில் சொந்தத் தொழிலுக்குப் பயன்படும் பகுதிக்குத் தேய்மானம் கோரலாம். அதே சமயம் விற்கும்போது வீட்டுக்குரிய மூலதன ஆதாயச் சலுகைகள் அந்தப் பகுதிக்குப் பொருந்தா. இரண்டையும் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒரே தாளில் பார்ப்பது நல்லது.

தொழில் படுத்தால்? இதுதான் இந்த வழியின் பலம். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத குறுக்குச் சந்தில் இருந்தால் அந்தக் கடை கோடவுனாக மட்டுமே போகும்.

## மூன்றாம் வழி: கடைவீதியில் பழைய கட்டடம்

வணிக மண்டலத்தில் குடியிருப்பும் அனுமதிக்கப்பட்டதே. மதுரையின் மாசி வீதிகள், சென்னையின் சவுகார்பேட்டை போன்ற பழைய கடைவீதிகளில் முன்னால் கடை, பின்னாலும் மேலேயும் குடும்பம் என்பது தலைமுறைகளாக நடப்பது. தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம் என்பதால் சின்ன மனையிலும் முழு முகப்பு கிடைக்கும். மொத்த வியாபாரம், நகை, ஜவுளி, பாத்திரம் என்று வீதியே தொழிலின் பெயரால் அறியப்படும் இடங்களில் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சிக்கல்கள் பத்திரத்தில் தொடங்கும். பாகப்பிரிவினை ஆகாத கூட்டுக்குடும்பச் சொத்து, வெளிநாட்டில் இருக்கும் வாரிசு, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வாடகைதாரர், அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் நிலம், கோயிலுடையதாக இருந்து கட்டடம் மட்டும் கைமாறுவது. அடிமனை கோயிலுடையது என்றால் கடனும் கிடைக்காது, திரும்பக் கட்ட அனுமதியும் எளிதில் வராது. வில்லங்கச் சான்றைக் கணினிப் பதிவோடு நிறுத்தாமல் பழைய கைப்பதிவு ஆண்டுகளுக்கும் போட்டுப் பாருங்கள். காகிதத்தில் வராத "குட்வில்" தொகை கேட்டால் அது திரும்பி வராத பணம் என்றே கணக்கு வையுங்கள்.

பொதுச்சுவர் இன்னொன்று. பக்கத்துக்காரர் இடித்துக் கட்டும்போது உங்கள் சுவரும் ஆடும். கீழே சரக்கு, மேலே தூக்கம், நடுவே ஒரே ஒரு மரப்படி என்றிருந்தால் வேறு எதைச் செய்வதற்கு முன்பும் இரண்டாவதாக வெளியேறும் வழி ஒன்றை ஏற்படுத்துங்கள். பள்ளிக்குழந்தைகள், முதியவர்கள் உள்ள குடும்பத்துக்குக் காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த வாழ்க்கை பிடிக்காது. குடும்பமே கடையில் உழைக்கும் வீடுகளுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

## நான்காம் வழி: ஊருக்கு வெளியே நிலம், பிறகு மண்டல மாற்றம்

பட்டறை, பெரிய சமையல்கூடம், எண்ணெய்ச் செக்கு, நர்சரி என்று இடம் அதிகம் வேண்டியவர்களின் ஆசை இது. சதுர அடி விலை மலிவாகத் தெரியும். நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஆட்சேபணைக்குப் பத்திரிகையில் அறிவிப்பு வந்து, குழு ஆய்வு முடிந்து, ஆணை வரவேண்டும். கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளுக்கு வேளாண் நிலத்தை மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. நஞ்சை என்றால் பாதை மேலும் நீளும். அதுவரை கடன் வட்டியும், ஊருக்குள் கொடுக்கும் வாடகையும் சேர்ந்தே ஓடும். மலிவு என்று தெரிந்த விலையோடு இவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் மனை வாங்கவே வாங்காதீர்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி அதைப் பத்திரம் பதியவே தடை இருக்கிறது. தொழில் மண்டலத்து நிலம் மலிவாக வருகிறதே, அங்கே வீடும் கட்டிக்கொள்ளலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அங்கே குடியிருப்பு என்பது காவலாளி, அவசியமான பணியாளர் ஆகியோருக்கான குவார்ட்டர்ஸ் அளவில்தான். குடும்ப வீட்டுக்குக் கடனும் வராது.

கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம்) வீட்டோடு சிறு கடை வைப்பது கிராமங்களில் இயல்பு. நத்தம் பட்டா இருந்தால் அனுபவிப்பதில் சிக்கல் குறைவு. அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவதுதான் கடினம். கையில் பணம் வைத்து வாங்குகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

## ஐந்தாம் வழி: வீடு தனி, கடை தனி, இரண்டும் வாடகை

கௌரவக் குறைச்சல் என்று இதை ஒதுக்குபவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தொழில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர், எந்தப் பகுதியில் வாடிக்கையாளர் வருவார் என்று இன்னும் உறுதியாகத் தெரியாதவர், இவர்களுக்கு இதுவே சரி. 60 லட்சத்தை ஒரு தெருவில் பூட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் வியாபாரம் ஆகுமா என்று பார்க்க வாடகை ஒரு மலிவான வழி.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. "வேறு உடன்பாடு" என்ற அந்த வாசகத்தை வைத்துத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்பாடு என்ற இடத்தில் "குடியிருப்பு" என்று எழுதிவிட்டுத் தொழில் நடத்தினால், தவறான பயன்பாடு என்று சொல்லி வெளியேற்ற வீட்டுக்காரருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், கடையை வாடகைக்கு விடும் உரிமையாளர் பெறாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கு 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். மாதம் 15,000 வாடகைக்கு 2,700. வழக்கமான முறையில் வரி கட்டுபவர் இதை உள்ளீட்டு வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனைமீது குறைந்த விகிதத்தில் வரி கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவருக்கு இந்தச் சுமை இல்லை. பதிவு பெற்றவர் வாடகை வீட்டையே தொழில் முகவரியாகக் காட்டினால், வீட்டு வாடகைக்கும் இந்தக் கேள்வி எழும். சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் எடுத்த வீட்டுக்குத்தான் விலக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | அதிகம் தடுக்குவது எங்கே | தொழில் நின்றால் | யாருக்கு |
|---|---|---|---|---|
| இருக்கும் வீடு | மிகக் குறைவு | மின் டாரிஃப், அக்கம்பக்கப் புகார் | இழப்பு இல்லை | ஆலோசனை, தையல், டியூஷன், ஆன்லைன் விற்பனை |
| கலப்பு மண்டலம், கீழே கடை | அதிகம் | பிளானில் கடை இல்லாதது, கடன் வகை | கடை வாடகை வரும் | பார்லர், கிளினிக், மளிகை, மாவுக்கடை |
| கடைவீதிக் கட்டடம் | மிக அதிகம் | பத்திரம், அடிமனை, பொதுச்சுவர் | நல்ல வாடகை | ஜவுளி, பாத்திரம், மொத்த வியாபாரம் |
| ஊருக்கு வெளியே | நடுத்தரம், ஆனால் ஏறும் | மண்டல மாற்றம், காத்திருப்பு | விற்கத் தாமதம் | பட்டறை, செக்கு, பெரிய சமையல்கூடம் |
| தனித்தனி வாடகை | குறைவு | அட்வான்ஸ், ஜிஎஸ்டி, காலிசெய்தல் | உடனே விலகலாம் | புதிதாகத் தொடங்குபவர் |

தச்சு, வெல்டிங் போன்ற பட்டறைக்காரர்கள் இந்த அட்டவணையில் நான்காவதைப் பார்த்து நிலம் தேடக் கிளம்பிவிட வேண்டாம். வீட்டை ஊருக்குள் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தொழில் மண்டலத்தில் இருக்கும் ஷெட்டை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் அவர்களுக்கு லாபம். ஒரே இடத்தில் இருந்தே தீரவேண்டிய தொழில் அதுவல்ல.

## முன்பணத்துக்கு முன்

விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: முத்திரையிட்ட பிளானும் அனுமதிக் கடிதமும், தேவைப்படும் கட்டடமானால் முடிவுச் சான்று, கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மின் கட்டண அட்டை, இரண்டு பகுதிக்கும் சொத்து வரி ரசீது, பட்டா, மூலப்பத்திரம். மின் கட்டண அட்டையில் உள்ள டாரிஃப் எண்ணையும், கடைசி ஓராண்டு யூனிட் கணக்கையும் பாருங்கள். பரபரப்பாக ஓடும் கடையின் மீட்டரில் மாதம் முப்பது யூனிட்தான் காட்டினால், மின்சாரம் மேல்வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அந்த 126-ஆம் பிரிவு உங்கள் தலையில் விழாமல் இருக்க, பதிவுக்கு முன்பே அவரைக்கொண்டே சரிசெய்ய வைக்க வேண்டும்.

கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: நில உபயோகச் சான்றில் தொழிலுக்கு இடமில்லை என்று வந்தாலோ, பிளானில் காட்டாத பகுதி இருப்பது தெரிந்தாலோ, வங்கி மதிப்பீட்டாளர் கடை சேர்ந்த கட்டடத்துக்குக் கடன் மறுத்தாலோ, முன்பணம் முழுவதையும் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தக் காலத்தை மூன்று மாதமாவது வையுங்கள். சான்று வருவதற்கே அதில் பாதி போய்விடும். இந்த நிபந்தனைக்கு விற்பவர் முகம் சுளித்தால் டோக்கன் தொகையோடு நிறுத்திக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.